புறவாசல் கல்

என் மகன் லெவின் இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த சீனியை முதலில் நக்கித் தீர்த்துவிடுவான். பிறகு முழு இட்டிலி கிடக்கும் தட்டைக் காட்டி, "இட்டிலி தீந்துபோச்சு" என்பான். மழை வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வான். செருப்பு நனையக்கூடாதாம், கால் நனையலாமாம். டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்கு 'சார்' என்று பெயர் வைத்திருந்தான். படுக்கப் போகும்போது, "சார், லைட்டை அமத்தப் போறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பான். புறவாசல் துவைகல்லில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினால், சோப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே, "கண்ணுல சோப்பு, கண்ணுல சோப்பு" என்று தெருவே கேட்கக் கத்துவான்.

எப்போது கேட்டாலும் இதே வரிசையில், ஒரு சொல் பிசகாமல் சொல்வேன். தொழில் அப்படி. அரசாங்கத்துக்கு நான் மனனச் சாட்சி. தூத்துக்குடிக்குப் பாடக்காரி. "பாடக்காரி வாராவ, பாத்துப் பேசுங்கடே" என்று மீன் மார்க்கெட்டில் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே சாளை வாங்கிக்கொண்டு வருவேன்.

எழுத்தையும் படத்தையும் குரலையும் யாரும் நம்ப முடியாமல் போனபோது வந்த தொழில் இது. செத்துப் புதைத்த மனுஷன் வீடியோவில் எழுந்து வந்து, தெளிவாக இருமிவிட்டு, சொத்தை எழுதிக் கொடுத்தான். நீதிபதி சொல்லாத தீர்ப்பு நீதிபதியின் குரலிலேயே ஊரெல்லாம் ஓடியது. போட்டோ கதை இன்னும் மோசம். லெவினின் பிறந்தநாள் படத்தைச் செல்போன் தானாகவே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அழகாக்கி, விழுந்த முன்பல்லை முளைக்க வைத்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் படத்தைத் திறப்பதில்லை. கடைசியில் சட்டம் கொண்டுவந்தார்கள். சாகப் போகிறவரின் வாக்குமூலம் போன்ற பெரிய விஷயம் என்றால் மனிதர் வாயிலிருந்து மனிதர் காதுக்கு வந்து, அங்கிருந்து கோர்ட்டுக்கு வரவேண்டும்.

மனப்பாடத்துக்குப் பழைய வழி ஒன்று உண்டு. நன்றாகத் தெரிந்த வீட்டை மனத்தில் நினைத்துக்கொண்டு, வாசலில் ஒரு வாக்கியம், ஜன்னலில் ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொண்டே போகவேண்டும். திருப்பிச் சொல்லும்போது அதே வீட்டில் நடந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வரவேண்டும். இதோடு ஒரு ஊசியைச் சேர்த்தார்கள். ஊசி போட்டுக்கொண்டு வைத்தால் சாகும்வரை ஓர் எழுத்து மாறாது. நானே மாற்றிச் சொல்ல நினைத்தாலும் நடக்காது. சொல்லும்போது தலையில் ஒரு மானி மாட்டுவார்கள். வாக்கியம் அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தால் பச்சை விளக்கு எரியும்.

ஒரு இடத்தில் வாக்கியம் உட்கார்ந்தால் அங்கே ஏற்கெனவே இருந்த ஞாபகம் எழுந்து போய்விடும். இதைச் சொல்லாமல்தான் எனக்கு முன்னால் சேர்ந்தவர்களை வேலைக்கு எடுத்தார்கள். தெரிந்த பிறகு, காலி வீடுகளைச் சுற்றிக் காட்டி அதில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்றும் நிற்கவில்லை. அழுது சிரித்த இடத்தில்தான் சொல் நிற்கும் போலிருக்கிறது. ஆகவே வாழ்ந்த இடங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். என் பள்ளிக்கூடம் இப்போது ஒரு நிலத் தகராறு. எனக்குக் கல்யாணம் நடந்த கோயில் ஒரு கொலை வழக்கு.

நான் முதலில் கொடுத்தது, லெவின் மூளைக்காய்ச்சலில் செத்துப்போன ஆஸ்பத்திரி வார்டை. அதை எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன். அங்கே இப்போது அண்ணன் தம்பி இரண்டு பேரின் பாகப்பிரிவினை இருக்கிறது. அவன் அங்கே செத்தான் என்று செய்தியாகத் தெரியும், பார்த்ததாக இல்லை. கொடுத்துவிட்டு வந்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

கொடுக்காமல் வைத்திருந்தது ஒரே இடம். லெவின் பிறந்து வளர்ந்த வாடகை வீடு. அந்த வீட்டை இடித்து வண்டி நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். என் தலைக்குள் மட்டும் ஓடு மாற்றாமல் நின்றுகொண்டிருந்தது.

அட்வகேட் ஹமீதா எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் கணவர் டெரன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். ஹமீதாவின் முகத்தைப் பார்த்ததுமே சோற்றில் தண்ணீர் ஊற்றி எழுந்துவிட்டார்.

"மேடம், அவகிட்ட இனி இடம் இல்ல. டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு."

"ஒரு இடம் இருக்கு, டெரன்ஸ். எனக்குத் தெரியும்."

"அது இடமில்ல. எங்க வீடு."

ஹமீதா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். இறால் கம்பெனியில் அம்மோனியாக் குழாய் வெடித்து, இறால் உரிக்கிற பெண்கள் கதவைத் தட்டித் தட்டியே செத்துப்போனது ஊருக்கே தெரிந்த கதை. கேட் பூட்டியிருந்தது. சாவி, ஷிப்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த, எப்படியோ உயிர் பிழைத்த முத்துப்பேச்சியின் இடுப்பில் இருந்தது. ஆகவே பூட்டியது அவள்தான் என்று பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். பால்குடி மறக்காத பிள்ளை அவளுக்கு.

"கம்ப்ரசர் ஓட்டுன கொம்பையா எல்லாத்தையும் கண்ணால பாத்திருக்காரு. நுரையீரல் வெந்துபோய்க் கெடக்காரு. இன்னைக்குப் பேசுவாரு, நாளைக்குச் சொல்ல முடியாது. அவரு சொல்லு கோர்ட்டுக்கு வரலன்னா பேச்சி ஆயுசுக்கும் வெளிய வரமாட்டா, ஜெனோவா."

"ஊருல வேற பாடக்காரங்களே இல்லியா?" என்றார் டெரன்ஸ்.

"நேத்து வரைக்கும் இருந்தாங்க. இன்னைக்கு ஒருத்தருக்குக் காய்ச்சலாம். ஒருத்தர் வேளாங்கண்ணிக்கு நேர்ச்சைக்குப் போயிருக்காராம். அதுவும் முஸ்லிம் ஆளு." ஹமீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கம்பெனிக்காரன் கை அவ்வளவு நீளம். மதுரையிலேருந்து ஆள் வாரதுக்குள்ள கொம்பையா இருக்கமாட்டாரு."

டெரன்ஸ் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, வேண்டாம்னு சொல்லு. உனக்குப் பாவமா இருக்கும், எனக்கும் இருக்கு. அதுக்காகப் பெத்த புள்ளையத் தூக்கிக் குடுப்பியா? ஒரு தடவ குடுத்தது போதும்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். பேச்சி யார் எனக்கு? சொந்தமா, பந்தமா? ஆனாலும் ஜெயிலுக்கு வெளியே யாரோ ஒருத்தி இடுப்பில் இருந்துகொண்டு அம்மாவைத் தேடுகிற அந்தப் பிள்ளையை மனத்திலிருந்து தள்ள முடியவில்லை.

"அவ புள்ள உசிரோட இருக்குங்க" என்றேன். அதற்கு மேல் எனக்கும் வாதம் தெரியவில்லை. டெரன்ஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் கொம்பையா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாயில் ஆக்சிஜன் மாஸ்க். கட்டிலருகே மாஜிஸ்திரேட் அம்மா மானியோடு தயாராக இருந்தார். எனக்கு ஊசி போட்டார்கள்.

கொம்பையா மாஸ்க்கை விலக்கி என்னைப் பார்த்தார். "இந்தம்மா எழுதாதா? போனுலயும் புடிக்காதா?"

"எழுதுனா மாத்திருவாங்க, அண்ணாச்சி. எங்கிட்ட சொன்னா மாத்த முடியாது."

"நீ மறந்துட்டியன்னா?"

"இதை மறக்கமாட்டேன்" என்றேன். எதை மறப்பேன் என்று அவர் கேட்கவில்லை.

சொல்ல ஆரம்பித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு பழைய வீட்டுக்குப் போனேன். 'மூணு நாளாவே அம்மோனியா வாடை வந்துச்சு.' அதை வாசல்படியில் வைத்தேன். வைத்ததும் படியில் ஏதோ ஒரு தட்டு இருந்ததே என்று திரும்பிப் பார்த்தேன். மூணு நாளாவே அம்மோனியா வாடை வந்துச்சு என்றது படி. 'வால்வை மாத்தணும்னு மேனேஜர்ட்ட சொன்னேன்.' அது செருப்பு கிடக்கிற மூலைக்குப் போனது. 'சீசன் முடியட்டும்னாரு.' அது டியூப்லைட்டில். அதற்குப் பின்னால் யாரோ குடியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பெயரும் இருந்தது. நான் கூப்பிட வாயெடுத்தபோது, சீசன் முடியட்டும்னாரு என்று பதில் வந்தது.

இப்படியே கட்டில், அடுப்படி, அரிசிப் பானை. வீட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எதிரே வர, நானே அவர்களுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்ததுபோல் இருந்தது. நடக்க நடக்க அழுகை வந்தது. எதற்கு அழுகிறேன் என்பது ஒவ்வொரு அறையாகக் குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் இரண்டு வாக்கியங்கள் வந்தன. 'சாவிய வச்சுக்கிட்டு உள்ள நின்னு கதறுனது பேச்சி. வெளிய இன்னொரு பூட்டு போட்டுப் பூட்டச் சொன்னது மொதலாளி மருமவன்.' இறால் திருட்டுப் போகிறதென்று முதலாளியின் மருமகன் வெளிப்பக்கம் இரண்டாவது பூட்டு போடவைத்து, அதன் சாவியைத் தானே கொண்டுபோயிருக்கிறான். பேச்சி தன் பூட்டைத் திறந்தும் கேட் திறக்கவில்லை.

எனக்கு மிஞ்சியிருந்தது இரண்டு இடம். புறவாசல் கதவு, அதைத் தாண்டித் துவைகல். கல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்றே ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு வாக்கியத்தையும் கதவிலேயே வைத்துவிட்டேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வகுப்பிலேயே நான் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. ஓர் இடத்தில் இரண்டு வாக்கியம் வைக்காதே. ஒரே பாயில் படுத்த பிள்ளைகள் மாதிரி ஒன்று மற்றதன் போர்வையை இழுத்துவிடும். ஊருக்கு உபதேசம் செய்கிறவள் நான்.

திருப்பிச் சொல்லும் நேரம் வந்தது. சொன்னவர் கேட்டுத் தலையசைக்கும் வரைதான் திருத்தலாம். அதற்குப் பிறகு ஆண்டவரே வந்தாலும் முடியாது. மானியை மாட்டினார்கள். படி, செருப்பு மூலை, டியூப்லைட், எல்லாம் பச்சை. புறவாசல் கதவுக்கு வந்தேன். என் வாய் சொன்னது:

"வெளிய இன்னொரு பூட்டு போட்டுப் பூட்டச் சொன்னது பேச்சி."

பச்சை விளக்கு எரிந்தது.

கொம்பையா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மாஸ்க்குக்குள் ஏதோ கத்தினார். ஹமீதா சுவரில் சாய்ந்துவிட்டார். நான் மறுபடி சொன்னேன். மறுபடியும் பேச்சி என்றே வந்தது, மறுபடியும் பச்சை எரிந்தது. ஒரு கல்லுக்கு ஆசைப்பட்டு, யாரைக் காப்பாற்ற வந்தேனோ அவள் கழுத்தில் நானே கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"மருந்து எறங்குறதுக்குள்ள திருத்தணும்" என்றார் மாஜிஸ்திரேட் அம்மா. "உங்களுக்கு வேற இடம் இருக்கா, இல்லியா?"

ஒரு நிமிஷம் கேட்டு வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் டெரன்ஸ் உட்கார்ந்திருந்தார்.

"கல்லு மட்டும் இருக்குங்க" என்றேன். "மத்ததெல்லாம் போயிட்டு. கல்லைக் குடுக்காம ஏமாத்தப் பாத்தேன். தப்பா வந்துட்டு. அவளைத்தான் கொலைகாரின்னு சொல்லுதேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"கல்லு மேல என்ன இருக்கு? சொல்லு."

"லெவின் குளிக்கான்."

"சோப்பை எடுக்கதுக்கு முன்னாலயே கத்துவாமுல்லா? கண்ணுல சோப்பு, கண்ணுல சோப்புன்னு."

"ஆமா." அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கை என் தோளைப் பிடித்திருந்தது.

"அது எங்கிட்டயும் இருக்கு, ஜெனோ. நானும் அந்த வீட்டுலதான இருந்தேன்? ரெண்டு பேரு சொமந்தோம். இனிமே நான் ஒருத்தனே சொமக்கேன். தெனமும் உனக்குச் சொல்லுதேன். போ, குடுத்துட்டு வா." சொல்லி முடித்ததும் அவர் குனிந்து பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. நான் தொடவில்லை. தொட்டால் உள்ளே போயிருக்கமாட்டேன்.

நான் உள்ளே போனதும் கொம்பையா மாஸ்க்கை விலக்கினார். "எத்தன தடவம்மா சொல்ல?" என்று எரிச்சல்பட்டார். பிறகு மூச்சை இழுத்து இழுத்து மறுபடி சொன்னார். நான் கதவைத் திறந்துகொண்டு புறவாசலுக்குப் போனேன். கல்லில் ஒரு பையன் ஈரமாக உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் தள்ளி உட்காருய்யா என்றேன். இரண்டாவது வாக்கியத்தை இறக்கி வைத்தேன். கல்லில் யாரும் இல்லை.

இந்த முறை எல்லாம் சரியாக வந்தது. கொம்பையா தலையசைத்தார். மறுநாள் போய்ச் சேர்ந்தார்.

கோர்ட்டில் நடந்தது எனக்குச் சொந்தமாகத் தெரியாது. ஹமீதா சொன்னதைச் சொல்கிறேன். நான் கூண்டில் ஏறி ஒரு பிசகில்லாமல் சொன்னேனாம். கம்பெனி வக்கீல் எவ்வளவு குடைந்தும் பச்சை விளக்கு அணையவில்லையாம். பேச்சியை விடுதலை செய்ததும் அவள் ஓடிவந்து பிள்ளையை என் கையில் கொடுத்தாளாம். நான் அந்தப் பிள்ளையின் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, கோர்ட்டே திரும்பிப் பார்க்க அழுதேனாம். ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு, "தெரியல, எதுக்குன்னு தெரியல" என்று சொன்னேனாம்.

டெரன்ஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தினமும் வேலை முடிந்து வந்து லெவினைப் பற்றிச் சொன்னார். நானும் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தது. நல்ல பிள்ளையாகத்தான் இருந்திருக்கிறான் என்று தோன்றியது. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. ஊசி போடாத ஞாபகம் நிலைத்து நிற்காது. ஒரு நாள் சீனி என்றவர் இன்னொரு நாள் தேன் என்றார். மழைக்கு ஒரு நாள் செருப்பு, ஒரு நாள் புத்தகப்பை. தன்னை அறியாமல் ஞாபகத்தில் கைவைத்து மாற்றிக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்ல அவரிடம் இருந்ததும் கரைந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. "ஒரே ஒரு தடவ, நல்லா யோசிச்சு, சரியாச் சொல்லுங்க. நான் வாங்கி வச்சுக்கிடுதேன்" என்றேன்.

"எங்க வைப்ப? உனக்குத்தான் இடமே இல்லியே."

ஒன்று இருந்தது. அழுது சிரித்த இடம் வேண்டும். என் வாழ்க்கையில் அந்த வீட்டைக் கொடுத்த பிறகு நான் அப்படி அழுத இடம் கோர்ட்டு ஒன்றுதான். ஹமீதா எங்கிருந்தோ ஓர் ஊசி வாங்கி வந்தார். எங்கிருந்து என்று நாங்கள் கேட்கவில்லை. டெரன்ஸ் என் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாக யோசித்துச் சொன்னார். பேச்சி விடுதலையான நாள் என்னைவிட்டுப் போனது. நான் திருப்பிச் சொன்னதும், முறைப்படி, அவர் தலையசைத்தார்.

இப்போது எனக்கு வேலை இல்லை. ஆனாலும் பல நாள் காலையில் கோர்ட்டுக்குப் போய்விடுவேன். வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற போலீஸ்காரரின் காலடியில் அவன் சீனி நக்கிக்கொண்டிருக்கிறான். வேப்பமரத்தடியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நனைகிறான். நீதிபதியின் தலைக்கு மேலே இருக்கிற டியூப்லைட்டிடம் அனுமதி கேட்கிறான். சாட்சிக் கூண்டில் யாராவது ஏறி, சொல்வதெல்லாம் உண்மை என்று ஆரம்பிக்கும்போது, அங்கே அவன் கண்ணுல சோப்பு என்று கத்துகிறான். டவாலிக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் டெரன்ஸும் கூட வந்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். சுவரில் ஒரு பல்லி ஓடியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அவன் பல்லிக்கு ஒரு பேரு வச்சிருந்தாமுல்லா? மாஸ்டரா, சாரா?"

"சார்."

"நெசமாவா?"

"நீங்கதான சொன்னிய."

"நாந்தான் சொன்னேன்." அவர் உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்குச் சரியாத்தான் சொன்னேனான்னு இப்பத் தெரியல, ஜெனோ. யார்ட்ட போய்க் கேக்க?"

அவர் என்னைப் பார்த்தார். குழந்தையைத் தொலைத்துவிட்டு, வழியில் போகிறவளிடம் பார்த்தீர்களா என்று கேட்கிற முகம். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை.

"சார்தான்" என்றேன். கொஞ்சமும் தயங்கவில்லை. தலையில் மானி மாட்டியிருந்தால் பச்சை எரிந்திருக்கும்.